பருப்பு டப்பாவும் பார்சல் சாம்பாரும்

கேள்வி: என் மருமகளுக்கு இது மூன்றாவது மாதம். பிளாஸ்டிக் ஹார்மோனைக் கெடுக்கும் என்று எங்கோ படித்துவிட்டு, நான் 20 வருடமாகப் பருப்பு போட்டு வைத்திருக்கும் டப்பாக்களை எல்லாம் வாசலில் எடுத்து வைத்துவிட்டாள். "இந்த வீட்டில் சாப்பிட்டுத்தானே என் மகன் வளர்ந்தான், அவனுக்கு என்ன வந்துவிட்டது?" என்று கேட்டேன். இரண்டு நாளாகப் பேச்சு இல்லை. யார் சொல்வது சரி, டாக்டர்?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: டப்பா விஷயத்தில் நான் உங்கள் பக்கம், அம்மா. ஆனால் நீங்கள் சொன்ன காரணத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

உலர்ந்த பருப்புக்குள் டப்பாவிலிருந்து பெரிதாக எதுவும் இறங்காது. அதற்குச் சூடோ எண்ணெயோ வேண்டும். 2008இல் அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் பாலிகார்பனேட் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கால் செய்த தண்ணீர் பாட்டில்களைச் சோதித்தார்கள். பல வருடம் புழங்கிய பாட்டிலும் புதிய பாட்டிலும் ஹார்மோனைப் போல வேலை செய்யக்கூடிய பிஸ்பீனால் ஏ (பிபிஏ) என்ற ரசாயனத்தை ஏறக்குறைய ஒரே அளவில்தான் விட்டன. கொதிக்கும் நீரை ஊற்றியபோதோ, அது 15 முதல் 55 மடங்கு வேகமாக இறங்கியது.

என்னிடம் வரும் கர்ப்பிணிகள் தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து அடியில் பிளாஸ்டிக் வகையைக் குறிக்கும் எண்ணைக் காட்டி, இது நல்லதா என்று கேட்கிறார்கள். பாட்டில் வந்த அதே பையில் மதியச் சாம்பார் இருக்கும். கொதிக்கக் கொதிக்க ஊற்றி, நூல் சுற்றி, ஆவியில் உப்பிப்போன பாலித்தீன் கவர்; உள்ளே மஞ்சளாக எண்ணெய் படிந்திருக்கும். எனக்குப் பதறுவது அதைப் பார்த்துத்தான். தினமும் கைக்கு வருவதாலோ என்னவோ, அதைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை.

உங்கள் மகன் விஷயத்துக்கு வருகிறேன். 1940களிலிருந்து அமெரிக்காவில் கருச்சிதைவைத் தடுப்பதற்காக டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜனை, அதாவது செயற்கைப் பெண் ஹார்மோனைக் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்துவந்தார்கள். பிள்ளைகள் பிறந்தார்கள், வளர்ந்தார்கள், யாருக்கும் சந்தேகமே வரவில்லை. 1971இல் பாஸ்டன் மருத்துவர்கள், அந்தத் தாய்மார்களின் இளவயது மகள்கள் சிலரிடம் மிக அபூர்வமான பிறப்புறுப்புப் புற்றுநோயைக் கண்டார்கள். அது மருந்தாகக் கொடுத்த அளவு. சமையலறையிலிருந்து நம் உடம்புக்குள் போவது அதன் பக்கத்தில்கூட வராது, எனவே பயந்துவிடாதீர்கள். ஆனால் கருவில் பட்டது பருவ வயதில் தலைகாட்டலாம் என்பதை அந்தப் பெண்களிடமிருந்துதான் கற்றோம். 'என்ன வந்துவிட்டது' என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள் நினைவு வருகிறது.

மருமகளிடம் ஒன்று சொல்லுங்கள்: 'பிபிஏ இல்லாதது' என்று அச்சிட்ட பாட்டில்களை வாங்கிக் குவிக்க வேண்டாம். பிஸ்பீனால் ஏ-க்குப் பதிலாகச் சிலவற்றில் சேர்க்கப்படும் பிஸ்பீனால் எஸ் என்பதும் ஹார்மோனைப் போலவே வேலை செய்யக்கூடியது.

டப்பாக்களை உள்ளே எடுத்து வையுங்கள், பருப்பு அதிலேயே இருக்கட்டும். ஊறுகாயை மட்டும் ஜாடிக்கு மாற்றிவிடுங்கள். உங்கள் பரணில் எவர்சில்வர் தூக்கு ஒன்று கிடக்கும். அதைத் தேய்த்துக் கழுவி, அடுத்த முறை ஹோட்டலுக்குப் போகும் மகனின் கையில் கொடுத்தனுப்புங்கள்.