கத்தி தீட்டக் கல் வாங்கலாமா, மெஷின் வாங்கலாமா?

கேள்வி: முன்பெல்லாம் தெருவுக்குச் சாணை பிடிப்பவர் வருவார், இப்போது வருவதே இல்லை. கத்தியை நடுவில் விட்டு இழுக்கிற சின்னச் சாணை ஒன்று வாங்கினேன். இழுத்த அன்று நன்றாக வெட்டுகிறது, பத்தே நாளில் தக்காளித் தோலில் வழுக்குகிறது. கரண்டில் ஓடும் மெஷின் வாங்கிவிடலாமா? வீட்டில் அரிவாள்மனையும் இருக்கிறது.

பதில்: மெஷின் வேண்டாம், கல் வாங்குங்கள். ஹார்டுவேர் கடையில் கார்போரண்டம் கல் என்று கேட்டால் ஒரு பக்கம் சொரசொரப்பாகவும் மறுபக்கம் நைஸாகவும் இருப்பதைத் தருவார்கள், வீட்டுக் கத்திக்கு அதுவே தாராளம். ஆன்லைனில் வாங்குவதானால் 400/1000 என்று போட்டிருப்பதைப் பாருங்கள் (எண் கூடக் கூடக் கல் நைஸ்). 6000 என்ற எண்ணைப் பார்த்து மயங்கிக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள், வெங்காயம் நறுக்க அவ்வளவு பளபளப்பு தேவையில்லை.

நீங்கள் வாங்கிய சாணையில் இரண்டு கடினமான துண்டுகள் 'வி' வடிவில் நின்று கத்தியின் வெட்டும் முனையைச் சுரண்டி எடுக்கின்றன. சுரண்டிய முனை பிய்ந்து பிசிறாக நிற்கும், அது முதல் நாள் நன்றாகக் கடிக்கும், அப்புறம் மடங்கிவிடும். மெஷினில் வேறு தொல்லை: வேகமாகச் சுற்றும் சக்கரத்தில் தண்ணீர் இல்லாமல் அழுத்தினால் முனை சூடேறி நீலம் பாய்ந்துவிடும், அந்த இடம் பதம் போய் அதற்குப்பின் கூர்மை நிற்காது.

கல்லைத் தண்ணீரில் போட்டுக் குமிழி அடங்கியதும் எடுத்து, நகராமலிருக்க ஈரத்துணி மேல் வையுங்கள். கத்தி 4 செ.மீ. அகலம் என்றால் முதுகை 1 செ.மீ.க்குச் சற்றுக் கூடுதலாகத் தூக்குங்கள், அதாவது ஏறக்குறைய சுண்டுவிரல் கனம். அந்தச் சாய்வு மாறாமல் சொரசொரப்புப் பக்கத்தில் பிடியிலிருந்து நுனி வரை தேயுங்கள். எப்போது போதும் என்பதில்தான் எல்லாரும் தவறுகிறார்கள், பத்துத் தடவை இருபது தடவை என்று எண்ண வேண்டாம். தேய்க்காத பக்கத்தில் விரலை முதுகிலிருந்து வெளிப்பக்கமாக மெல்ல இழுத்துப் பாருங்கள் (முனையின் நீளத்துக்கு ஒருபோதும் ஓட்டாதீர்கள்), மெல்லிய பிசிறு ஒன்று நெடுக நிரடும். அது வந்த பிறகே மறுபக்கம் திருப்ப வேண்டும். அங்கும் வந்ததும் நைஸ் பக்கத்தில் அழுத்தாமல் மாற்றி மாற்றித் தேய்த்தால் பிசிறு விழுந்துவிடும். கழுவித் துடைத்துவிட்டு செய்தித்தாளை நறுக்கிப் பாருங்கள், தாள் எங்கே கிழிகிறதோ அங்கே இன்னும் மழுக்கம் இருக்கிறது.

அப்புறம் ஒன்று, எதன் மேல் வைத்து நறுக்குகிறீர்கள்? கிரானைட் மேடையிலோ எவர்சில்வர் தட்டிலோ என்றால் எந்தக் கல்லும் உதவாது, மரப்பலகைக்கு மாறுங்கள்.

அரிவாள்மனையின் வளைவு தட்டைக்கல்லில் படியாது. வீட்டில் முயலாதீர்கள், கை போய்விடும். மார்க்கெட்டில் மீன் வெட்டுபவர்களிடம் எங்கே சாணை பிடிக்கிறார்கள் என்று கேளுங்கள், சரியான ஆளைக் காட்டுவார்கள்.