கிருஷ்ணகிரிக்கென்று தனி அடையாளம் ஏதாவது உண்டா, இல்லை பெங்களூரு போகும் வழியில் வரும் டோல்கேட் மட்டும்தானா?

டோல்கேட் கிண்டல் எங்களுக்குப் பழகிவிட்டது. வெள்ளிக்கிழமை ராத்திரி பெங்களூரிலிருந்து சொந்த ஊருக்குக் கிளம்புகிறவர்களும், ஞாயிறு ராத்திரி திரும்புகிறவர்களும் அந்த வரிசையில் காரை நிறுத்திக்கொண்டு பார்ப்பதுதான் அவர்களுக்குக் கிருஷ்ணகிரி. ஊருக்குள் வந்தவர்கள் குறைவு.

சரி, கேள்வியில் நியாயமும் இருக்கிறது. மதுரைக்காரர்போலக் கோபுரத்தைக் காட்டி "இதுதான் நாங்க" என்று ஒரே வார்த்தையில் முடிக்க எங்களிடம் எதுவும் இல்லை. எங்களை அக்கம்பக்கத்து ஊர்களோடு வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் பிடிபடும்.

1965 வரை இந்தப் பகுதி சேலம் மாவட்டத்தில் இருந்தது. அப்புறம் தருமபுரி மாவட்டம். 2004 பிப்ரவரியில்தான் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது. எங்கள் தாத்தா சேலம் ஜில்லா, அப்பா தருமபுரி மாவட்டம், நான் கிருஷ்ணகிரி மாவட்டம். மூவருக்கும் வீடு ஒன்றுதான். சேலத்து மாம்பழம் என்று ஊரெல்லாம் விற்ற பழத்தில் எங்கள் பக்கத்துக் காய் எவ்வளவோ உண்டு. மாவட்டத்தின் பேர்தான் பெட்டியின் மேல் ஏறியது.

பழைய தருமபுரி மாவட்டத்துக்குள் மூன்று பெரிய ஊர்கள்: தருமபுரி, ஓசூர், கிருஷ்ணகிரி. தருமபுரிக்காரர்களிடம் பேசினால் சீக்கிரமே அந்த ஊரின் பழைய பேரான தகடூர் வந்துவிடும். அதியமான் நெடுமான் அஞ்சி, அவன் ஔவைக்குக் கொடுத்த நெல்லிக்கனி, அந்தச் சீமை முழுக்கக் கிடக்கும் நடுகற்கள் என்று பேச்சு போகும். சங்க இலக்கியத்தில் இடம்பிடித்த ஊர். பெருமைப்பட உரிமை இருக்கிறது. அன்றாடத் தேவைக்கு அவர்கள் பார்ப்பது சேலத்தை. ஓசூர் நேர் எதிர். சிப்காட் தொழிற்பேட்டை, அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன், சுற்றிலும் ரோஜாத் தோட்டம், கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 900 மீட்டர் உயரம், அதனால் எங்களைவிடக் குளிர்ச்சி. அதன் முகம் பெங்களூரைப் பார்த்து இருக்கிறது.

நாங்கள் இரண்டுக்கும் நடுவில். பெரிய ஆஸ்பத்திரி என்றால் சில வீடுகள் பெங்களூருக்கு ஓடும், சில வீடுகள் சேலத்துக்கு. சென்னையிலிருந்து வரும் சாலையும் கன்னியாகுமரியிலிருந்து மதுரை, சேலம் வழியாக வரும் சாலையும் எங்கள் ஊரில்தான் சேர்ந்து பெங்களூரு நோக்கிப் போகின்றன. திருவண்ணாமலை, திண்டிவனம் பக்கம் ஒரு சாலை பிரிகிறது. குப்பம் வழியாக ஆந்திராவுக்கும் போய்விடலாம். இது நெடுஞ்சாலைத் துறை கொடுத்த வரம் இல்லை. கர்நாடக மேட்டிலிருந்து தமிழ்ச் சமவெளிக்கு இறங்கும் வழியில் ஊர் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அதனால்தான் ஊரை ஒட்டிய மலையில் கோட்டை. பாராமகால் என்று சொல்லப்பட்ட இந்தச் சீமையின் கோட்டைகளில் முக்கியமான ஒன்று அது. 1791-ல் மேக்ஸ்வெல் என்ற ஆங்கிலேயத் தளபதி வந்து கீழே இருந்த பேட்டையைப் பிடித்தார். மேலே இருந்த கோட்டையைப் பிடிக்க முடியவில்லை. அடுத்த வருஷம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு கையெழுத்திட்ட உடன்படிக்கையில்தான் பாராமகால் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போனது. கோட்டை இருக்கும் மலையை இன்றைக்கு எல்லோரும் சையத் பாஷா மலை என்றுதான் சொல்கிறோம். மேலே தர்கா இருக்கிறது.

இப்படி எல்லோரும் கடந்துபோன ஊர் என்பதால் பேச்சும் கலந்து கிடக்கிறது. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், கன்னடம் பேசுகிறவர், உருது பேசுகிறவர் எல்லோரும் ஒரே தெருவில் உண்டு. கடைக்கு வந்ததும் தமிழ். இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. சென்னையிலிருந்து வந்தவர்கள்தான் "நீங்க தமிழா, தெலுங்கா?" என்று கேட்பார்கள்.

ஆனால் ஒரே ஒரு விஷயம் சொல் என்றால், கோட்டையை விட்டுவிட்டு மாங்காயைத்தான் சொல்வேன். பழம் என்று சொல்லவில்லை, கவனியுங்கள். தமிழ்நாட்டில் மா அதிகம் விளையும் மாவட்டம் இது. அல்போன்சா, செந்தூரா, நீலம், மல்கோவா எல்லாம் உண்டு என்றாலும் தோப்புகளில் பெரும்பங்கு பெங்களூரா, அதாவது கிளிமூக்கு மாங்காய். அது மாங்கூழ் பேக்டரிக்குப் போகிற காய். கூழாகி, டிரம்மில் அடைபட்டு, துறைமுகம் போய், வளைகுடா நாடுகளுக்கும் ஐரோப்பாவுக்கும் கப்பல் ஏறுகிறது. நீங்கள் பாட்டிலில் குடித்த மாம்பழ ஜூஸில் எங்கள் ஊர்க் காய் இருந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

வெளியூர்க்காரர்கள் ஜூன் மாதக் கண்காட்சியில் அடுக்கி வைத்த பழங்களைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். ஊரின் உண்மையான சுபாவம் அதற்கு முன்பே தை மாதம் பூக்கும்போது தெரியும். பூ நன்றாகப் பிடித்திருக்கிறதா, பனி கருக்கிவிட்டதா, தத்துப்பூச்சிக்கு மருந்து அடித்தாச்சா என்பதுதான் டீக்கடைப் பேச்சு. சந்தூர் பக்கம் போனால் சாலையோரமெல்லாம் ஒட்டு மாங்கன்று வளர்க்கும் நர்சரிகள். தோப்பை முன்கூட்டியே குத்தகைக்கு விட்டவர் நிம்மதியாக இருப்பார், எடுத்தவர் வானத்தைப் பார்ப்பார். காய் ஒரு வருஷம் கொட்டும், மறு வருஷம் ஏமாற்றும். கொட்டுகிற வருஷம்தான் ஆபத்து: பேக்டரிகள் விலையை இறக்கிவிடும், பறிக்கிற கூலிக்கும் வண்டி வாடகைக்கும்கூடக் கட்டாது. அப்படிப்பட்ட ஒரு வருஷத்தில் எங்கள் சித்தப்பா காயைப் பறிக்காமல் அப்படியே விட்டுவிட்டார். அந்த ஆவணியில் கல்யாண மண்டபம் முதல் நகைக்கடை வரை எல்லா இடத்திலும் கூட்டம் குறைந்ததை நானே பார்த்தேன். சேலத்துக்கோ ஓசூருக்கோ ஒரு மரத்தின் காய்ப்பு இந்த அளவுக்கு உறைக்காது. அதனால்தான் இதை எங்கள் அடையாளம் என்கிறேன்.

சின்னச் சின்னதாக இன்னும் சில இருக்கின்றன. தட்டை மாதிரி இருக்கும் காவேரிப்பட்டணம் நிப்பட் வாங்காமல் யாரும் சொந்தக்காரர் வீட்டுக்குப் போக மாட்டார்கள் (காவேரிப்பட்டணம் இருப்பது தென்பெண்ணைக் கரையில், காவிரியில் இல்லை, கேட்காதீர்கள்). போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. கேழ்வரகுக் களி. பொங்கலை ஒட்டி எருது விடும் விழா. இதில் பலதும் தருமபுரிக்கும் பொது, திருப்பத்தூருக்கும் பொது. எங்களுக்கு மட்டும் என்று சண்டை போட மாட்டேன்.

இல்லாதது ஒன்றும் எங்களைத் தனியாகக் காட்டுகிறது: ரயில். ஓசூருக்கு உண்டு, ராயக்கோட்டைக்கு உண்டு, மாவட்டத் தலைநகரான கிருஷ்ணகிரிக்கு மட்டும் இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் திருப்பத்தூரிலிருந்து ஒரு குறுகிய ரயில் பாதை வந்துகொண்டிருந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அதை மூடிவிட்டார்கள். அதனால் எங்களுக்கு எல்லாமே பஸ்தான். நடுராத்திரி இரண்டு மணிக்கும் பஸ் ஸ்டாண்டில் பெங்களூரு, சேலம், சென்னை என்று கூவிக்கொண்டிருப்பார்கள். ஒவ்வொரு தேர்தலிலும் ரயில் வாக்குறுதி வரும். சர்வே எடுக்கவும் ஆட்கள் வந்துபோகிறார்கள்.