இரண்டு வாசலிலும் திருப்பி அனுப்பினார்கள்

கேள்வி: எங்கள் மகளிர் சுயஉதவிக் குழுவைச் சேர்ந்த ஒருத்தியைத் தெரிந்தவன் ஒருவன் போன மாதம் பலாத்காரம் செய்துவிட்டான். அன்று ராத்திரியே நாங்கள் இரண்டு பேர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். “ஸ்டேஷனில் எழுதி வாங்கி வாங்க” என்றார்கள். ஸ்டேஷனிலோ “இது எங்க லிமிட் இல்லை” என்றார்கள். விடியும்போது வீட்டுக்கே திரும்பிவிட்டாள். இப்போது கூட்டத்துக்கும் வருவதில்லை. நாங்கள் என்ன செய்யலாம்?
- குழுத் தலைவி, திண்டுக்கல் மாவட்டம்

அன்புத் தோழி,

இரண்டு வாசலிலும் உங்களுக்குச் சொன்னது தப்பு. அரசு ஆஸ்பத்திரியோ தனியாரோ, இப்படி வரும் பெண்ணுக்குக் காசு வாங்காமல் உடனே சிகிச்சை தர வேண்டும் என்கிறது, குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 397-ஆவது பிரிவு. போலீசுக்குத் தகவல் சொல்வதும் ஆஸ்பத்திரியின் வேலைதான். மறுத்தால் பொறுப்பில் இருப்பவருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. லிமிட் பேச்சும் செல்லாது. எந்த ஸ்டேஷனிலும் ‘ஜீரோ எஃப்.ஐ.ஆர்.’ போட்டுவிட்டு, உரிய ஸ்டேஷனுக்கு அவர்களே அனுப்ப வேண்டும்.

சரி, இப்போது அவளைப் பார்ப்போம். உடலில் தடயம் எடுக்க 96 மணி நேரம்தான் கணக்கு, அது போய்விட்டது. ஆனால் புகார் கொடுக்கும் வழி போய்விடவில்லை, சிகிச்சையும்தான். நாள் தள்ளிப் போயிருக்கிறதா என்று மட்டும் மெதுவாகக் கேளுங்கள். இப்படி உண்டான கருவை 24 வாரம் வரை கலைக்கச் சட்டம் இடம் தருகிறது. போலீஸ் வேண்டுமா, வேண்டாமா என்பதை அவள் சொல்லட்டும். பன்னிரண்டு பேர் கூடி உட்கார்ந்து முடிவெடுத்து அவளிடம் போய்ச் சொல்லாதீர்கள். ‘பேசி முடிச்சிடலாம்’ என்று எந்தப் பெரிய மனுஷர் கிளம்பினாலும் ஒதுங்கிவிடுங்கள்.

பெண்கள் உதவி எண்ணான 181-க்குப் போன் போட்டால், உங்கள் மாவட்டத்து ஒருங்கிணைந்த சேவை மையம் எங்கே என்று சொல்வார்கள். மருத்துவம், போலீஸ் உதவி, ஆலோசனை, சட்ட உதவி, ஐந்து நாள் வரை தங்க இடம் எல்லாவற்றுக்கும் அங்கிருந்தே ஏற்பாடு செய்வார்கள். வக்கீல் வேண்டுமென்றால் 15100-க்குப் போன் போடுங்கள், பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசம்.

மும்பை பாந்த்ராவின் பாபா ஆஸ்பத்திரியில் 2000-இல் மாநகராட்சியும் ‘சேஹத்’ என்ற அமைப்பும் சேர்ந்து, வன்முறைக்கு ஆளான பெண்களுக்காக ‘திலாசா’ மையத்தைத் தொடங்கின. அதில் எனக்குப் பிடித்தது, ஆஸ்பத்திரி ஊழியர்களையே ஆலோசனை சொல்லப் பழக்கியது. “வழுக்கி விழுந்தேன்” என்று வரும் பெண்ணை, கட்டுப் போடுகிற இடத்திலேயே ஒருவர் புரிந்துகொள்வார் இல்லையா?

உங்கள் குழுவும் அப்படி ஒரு இணைப்புக் கண்ணியாகலாம். தனியாக விடுதி, ஆலோசனை மையம் என்று இறங்க வேண்டாம். அது வேறு பாடு. ஒரு நாள் பகலில், எந்த அவசரமும் இல்லாதபோது இரண்டு பேர் கிளம்புங்கள். சேவை மையம், அனைத்து மகளிர் காவல் நிலையம், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு மூன்றையும் நேரில் பார்த்து, பொறுப்பானவர்களின் பெயரையும் நம்பரையும் வாங்கி வாருங்கள். அடுத்த முறை ராத்திரியில் போகும்போது “இன்ன மேடத்திடம் பேசிவிட்டோம்” என்று சொல்ல முடிந்தாலே பாதி அலைச்சல் குறையும். கூடப் போகிறவர் நடந்ததை ஒரு தாளில் குறித்துக்கொண்டால், அவள் ஒவ்வொரு மேஜையிலும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்காது.

அப்புறம், உங்கள் தீர்மான நோட்டில் அவள் பெயர் ஏறியிருந்தால் இன்றைக்கே பாருங்கள். அந்த நோட்டு எத்தனை வீடு சுற்றுகிறது என்று உங்களுக்கே தெரியும். ஆட்டோ செலவை ‘போக்குவரத்து’ என்று எழுதினால் போதும்.