சபை சுற்றுச்சூழலைப் பற்றிப் பேசினால் விசுவாசிகள் ஏன் முகம் சுளிக்கிறார்கள்?

கேள்வி இது: "பருவநிலை மாற்றம், காடழிப்பு, நெகிழி என்று சபைகளும் இப்போது பேசத் தொடங்கிவிட்டன. இது சபையின் வேலையா? விசுவாசிகள் இதை எப்படி எடுத்துக்கொள்கிறார்கள்?"

எங்கள் சபையின் சுற்றுச்சூழல் குழுவில் ஆறு வருடமாக இருக்கிறேன். குழு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம், மொத்தம் நான்கு பேர். முதல் வருடம் ஆராதனை முடிந்ததும் அரை மணி நேரம் பேச அனுமதி கிடைத்தது. வெப்பநிலைக் கோடுகள், கரியமில வாயுவின் அளவு, உருகும் பனிமலைகள் என்று திரையில் ஓடவிட்டேன். பாதிப் பேர் நெளிந்தார்கள், மீதிப் பேர் மரியாதைக்காக உட்கார்ந்திருந்தார்கள். முடிந்ததும் ஒரு பெரியவர் என் தோளில் கை வைத்து, "தம்பி, ஆத்துமாவைக் காப்பாத்துற வழியைச் சொல்லுங்க. பூமியைக் கர்த்தர் பாத்துக்குவார்" என்றார். அவர் குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

அன்றைக்கு அவரை விவரம் தெரியாதவர் என்று மனதுக்குள் ஒதுக்கிவிட்டேன். அது என் தப்பு. அவர் சொன்னதற்குப் பின்னால் ஒரு வசனம் இருந்தது: 2 பேதுரு 3:10. கர்த்தருடைய நாள் வரும்போது "பூமியும் அதிலுள்ள கிரியைகளும் எரிந்து அழிந்துபோம்" என்கிறது. எரியப்போகிற வீட்டுக்கு எதற்கு வெள்ளையடிக்க வேண்டும் என்பதுதான் அவருடைய வாதம். அந்த நம்பிக்கையில் நின்று பார்த்தால் அதில் பைத்தியக்காரத்தனம் ஒன்றும் இல்லை. இந்த வசனத்திலேயே ஒரு சங்கதி உண்டு என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. மிகப் பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகள் சிலவற்றில் "எரிந்துபோம்" என்ற சொல்லே கிடையாது. பூமியும் அதிலுள்ள செயல்களும் "கண்டறியப்படும்", அதாவது வெளிச்சத்துக்கு வரும் என்றுதான் இருக்கிறது. சைனாய்டிகஸ், வத்திக்கானஸ் ஆகிய இரண்டு பிரதிகளிலும் அப்படித்தான். ஒரு சொல் மாறினால் பூமி குப்பைக்கூடையிலிருந்து நீதிமன்றத்துக்கு வந்துவிடுகிறது. இதைச் சொன்னபோது பெரியவர் சிரித்துவிட்டு, "கிரேக்கம் படிச்சவங்க சண்டை போட்டுக்கட்டும்" என்றார். சரி.

இதற்கு நேர் எதிர்ப்பக்கத்திலிருந்தும் அடி விழுந்திருக்கிறது. 1967இல் லின் ஒயிட் என்ற வரலாற்றாசிரியர் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். இன்றைய சூழல் சீரழிவுக்கு மேற்கத்தியக் கிறிஸ்தவமே பெரிய பொறுப்பு என்பது அவருடைய குற்றச்சாட்டு. பூமியை "கீழ்ப்படுத்தி... ஆண்டுகொள்ளுங்கள்" என்ற ஆதியாகமம் 1:28 மனிதனை எஜமானாகவும் மற்ற எல்லாவற்றையும் அவன் சரக்காகவும் ஆக்கிவிட்டது என்றார். இத்தனைக்கும் அவரே ஒரு கிறிஸ்தவர்தான். கட்டுரையின் முடிவில், சூழலியலாளர்களுக்குப் பாதுகாவலராக இத்தாலியத் துறவியான அசிசியின் புனித பிரான்சிஸை முன்மொழிந்தார். 1979இல் போப் இரண்டாம் ஜான் பால் அதையே அதிகாரபூர்வமாக அறிவித்தார். குற்றம் சாட்டியவர் சொன்ன பரிகாரத்தைக் குற்றம் சாட்டப்பட்டவரே ஏற்றுக்கொள்வது அடிக்கடி நடக்கிற காரியமா என்ன?

ஆனால் முதல் அதிகாரத்தோடு ஏன் நிறுத்த வேண்டும்? அடுத்த அதிகாரத்தில், 2:15இல், மனிதனைத் தோட்டத்தில் வைத்த காரணம் இருக்கிறது: "அதைப் பண்படுத்தவும் காக்கவும்". இந்தக் "காக்கவும்" என்பதற்கு எபிரெயத்தில் உள்ள சொல் ஷாமர். ஆராதனை முடிவில் போதகர் கையை உயர்த்தி "கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன்னைக் காக்கக்கடவர்" என்று சொல்கிறாரே, அங்கேயும் அதே வினைச்சொல்தான். காயீன் "என் சகோதரனுக்கு நான் காவலாளியோ" என்று எகிறுகிற இடத்திலும் அதே வேர். தமிழில் இது இன்னும் எளிது. காக்க, காவலாளி: எல்லாம் ஒரே சொல்லின் குடும்பம். கர்த்தர் நம்மைக் காப்பது எப்படியோ அப்படியே தோட்டத்தை நாம் காக்க வேண்டும் என்று சபைக்கு விளக்க எந்த வரைபடமும் தேவைப்படவில்லை. இரண்டாவது வருடம் நான் திரையை மடித்து வைத்துவிட்டு இந்த மூன்று வசனங்களை மட்டும் எடுத்துக்கொண்டு போனேன். யாரும் நெளியவில்லை.

ஆறு வருட அனுபவத்தில் எனக்குப் படுவது இதுதான். விசுவாசிகள் பெரும்பாலும் மரத்தையோ ஆற்றையோ எதிர்ப்பதில்லை. பிரசங்க மேடையை வேறு யாரோ இரவல் வாங்கிப் பேசுகிறார்கள் என்ற சந்தேகம்தான் அவர்களை உறுத்துகிறது. அது கட்சியாக இருக்கலாம், வெளிநாட்டு நிதியாக இருக்கலாம், நாகரிகமாகிவிட்ட ஒரு பேச்சாகவும் இருக்கலாம்.

இந்தச் சந்தேகம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவே உதாரணம். 2006இல் 86 சுவிசேஷத் தலைவர்கள் சேர்ந்து பருவநிலை மாற்றத்துக்கு எதிராகச் செயல்பட வேண்டும் என்று அறிக்கை வெளியிட்டார்கள். அதே சமயத்தில், சுவிசேஷ சபைகளின் தேசியக் கூட்டமைப்பு இதில் அதிகாரபூர்வ நிலைப்பாடு எதுவும் எடுக்கக் கூடாது என்று அதே வட்டாரத்தின் வேறு பெரிய தலைவர்கள் கடிதம் எழுதினார்கள். ஒரே வேதத்தைப் படிக்கிற இரண்டு கோஷ்டிகள். 2022இல் பியூ ஆய்வு மையம் நடத்திய கருத்துக்கணிப்பில், பூமி சூடாவதற்கு முக்கியக் காரணம் மனிதச் செயல்பாடுதான் என்று சொன்ன அமெரிக்கர்கள் பாதிக்குச் சற்று மேல். சுவிசேஷப் புராட்டஸ்டன்ட்டுகளிடையே அது சுமார் மூன்றில் ஒரு பங்கு. இந்த வித்தியாசத்துக்கு இறையியலை விடக் கட்சிச் சார்பே பெரிய காரணம் என்பதையும் அந்த ஆய்வு சுட்டிக்காட்டியது. ஆக, ஞாயிற்றுக்கிழமை மேடையில் நடக்கிற சண்டையின் வேர் பல சமயம் திங்கள் முதல் சனி வரை பார்க்கிற தொலைக்காட்சியில் இருக்கிறது.

கத்தோலிக்கர்களுக்கு மேலிருந்து வழிகாட்டல் வருவதால் இந்தச் சிக்கல் இருக்காது என்று நினைத்திருந்தேன். அதுவும் தவறு. 2015இல் போப் பிரான்சிஸ் 'லவுதாத்தோ சி' என்ற சுற்றுமடலை வெளியிட்டார். பூமியின் அழுகையையும் ஏழைகளின் அழுகையையும் ஒன்றாகக் கேட்கச் சொன்ன மடல் அது. உலகமே கொண்டாடியது. ஆனால் அமெரிக்காவில் இதைப் பற்றி நடந்த ஓர் ஆய்வில், பழமைவாதக் கத்தோலிக்கர்கள் தங்கள் கருத்தை மாற்றிக்கொள்வதற்குப் பதில், இந்த விஷயத்தில் போப்பின் மேலிருந்த நம்பிக்கையைக் குறைத்துக்கொண்டது தெரியவந்தது. அதாவது, மருத்துவர் சொன்னது பிடிக்கவில்லை, அதனால் மருத்துவரையே மாற்றிக்கொண்டார்கள்.

அப்புறம் 2019 அக்டோபர். அமேசான் பகுதிக்கான ஆயர் மாமன்றம் ரோமில் நடந்துகொண்டிருந்தது. அமேசான் பழங்குடியினர் சார்பாக ஒரு கர்ப்பிணிப் பெண்ணின் மரச்சிலைகள் ஓர் ஆலயத்தில் வைக்கப்பட்டிருந்தன. அது பூமித்தாயை வணங்கும் விக்கிரகம் என்று கொதித்தவர்கள் விடிகாலையில் அவற்றைத் தூக்கிக்கொண்டு போய் டைபர் ஆற்றில் வீசினார்கள். அதைப் படம்பிடித்து இணையத்திலும் போட்டார்கள். வத்திக்கான் தரப்பில் அது விக்கிரக ஆராதனை நோக்கத்தில் வைக்கப்பட்டதல்ல என்று விளக்கம் சொன்னார்கள், போப் மன்னிப்பும் கேட்டார். 2025 அக்டோபரில் போப் லியோ கிரீன்லாந்துப் பனிக்கட்டி ஒன்றின் மேல் கை வைத்து ஆசீர்வதித்தபோதும் கேலிக்குக் குறைவில்லை. படைப்பை மதிப்பதற்கும் படைப்பை வணங்குவதற்கும் நடுவில் உள்ள கோடு எங்கே என்ற பயம் விசுவாசிகளுக்கு நிஜமாகவே இருக்கிறது. சிலையை ஆற்றில் போட்டவர்களை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் வேறு தெய்வங்கள் கூடாது என்ற முதல் கட்டளையை உயிராக நினைக்கிறவர்களிடம் "இயற்கை அன்னை" என்று ஆரம்பித்தால் காது உடனே மூடிக்கொள்ளும். "சிருஷ்டி" என்று சொல்லிப் பாருங்கள், திறந்தே இருக்கும்.

கிழக்கத்திய மரபுச் சபைகள் (ஆர்த்தடாக்ஸ்) இந்தக் கோட்டை அழகாகக் கடந்துவிட்டன என்று தோன்றுகிறது. 1989இல் கான்ஸ்டான்டினோபிள் முதுபெரும் தந்தை திமித்ரியோஸ் செப்டம்பர் 1ஆம் தேதியைப் படைப்புக்காக ஜெபிக்கும் நாளாக அறிவித்தார். அடுத்து வந்த பர்த்தலோமேயு 1997இல், இயற்கைக்கு எதிராகச் செய்யும் குற்றம் பாவம் என்று வெளிப்படையாகவே சொன்னார். "பிரச்சினை" என்றால் அரசாங்கம் பார்த்துக்கொள்ளும், "பாவம்" என்றால் நான் மனந்திரும்ப வேண்டும். விசுவாசிக்கு அந்த மொழி புரியும்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் எத்தியோப்பியா. அதன் வடக்கு மேட்டுநிலங்களில் பழைய காடுகள் பெரும்பாலும் வயலாகவும் மேய்ச்சல் நிலமாகவும் மாறிவிட்டன. மேலிருந்து எடுத்த படங்களைப் பார்த்தால் பழுப்பு நிலத்தில் அங்கங்கே பச்சைப் பொட்டுகள். ஒவ்வொரு பொட்டின் நடுவிலும் ஓர் ஆலயம். ஆலயம் என்றால் அதைச் சுற்றி ஏதேன் தோட்டம்போல் காடு இருக்க வேண்டும் என்பது அந்தச் சபை மக்களின் நம்பிக்கை. அதனால் தலைமுறை தலைமுறையாக வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். யாரும் சுற்றுச்சூழல் குழு அமைக்கவில்லை, துண்டுப்பிரசுரம் அடிக்கவில்லை. ஆடுமாடுகள் புகுந்து மரக்கன்றுகளைத் தின்ன ஆரம்பித்தபோது, குருமார்களும் சூழலியலாளர்களும் பேசி வைத்து, விவசாயிகள் தங்கள் வயலில் கிடந்த கற்களைப் பொறுக்கிக் காட்டைச் சுற்றிச் சுவர் எழுப்பினார்கள். வயலும் சுத்தம், காடும் பத்திரம்.

எதிர்க்கிறவர்களின் கேள்விகளில் நியாயமானவையும் உண்டு. இங்கிலாந்துத் திருச்சபையின் பொதுச் சங்கம் 2020இல், முதலில் 2045 என்று முன்வைக்கப்பட்ட கரிம நடுநிலை இலக்கை (வெளியிடுகிற கரியமில வாயுவை ஈடுகட்டிப் பூஜ்ஜியமாக்குவது) 2030க்கு இழுத்துப்போட்டு வாக்களித்தது. கைதட்டலாம். ஆனால் முதியவர்கள் சிலர் மட்டுமே வருகிற ஒரு பழைய கல் ஆலயத்தில் கொதிகலனை மாற்றக் காசு எங்கிருந்து வரும் என்று கேட்கிற உதவிக்காரரைப் பிற்போக்குவாதி என்று சொல்ல முடியுமா? அதே திருச்சபையின் முதலீடுகளைக் கவனிக்கும் ஆணையர்கள் 2023இல் ஷெல், பிபி உள்ளிட்ட எண்ணெய் நிறுவனங்களிலிருந்து விலகுவதாக அறிவித்தார்கள். எனக்கு இதுதான் பெரிய செய்தியாகப் பட்டது. தீர்மானம் போடச் செலவில்லை, பணத்தை எடுத்தால்தான் வலிக்கும். வலி இன்னும் அதிகமான இடங்களும் உண்டு. பிரேசிலில் மழைக்காட்டு ஏழை விவசாயிகளுக்காக நின்ற கன்னியாஸ்திரீ டோரதி ஸ்டாங் 2005இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு 73 வயது.

அவரை நினைத்துக்கொண்டு எங்கள் கதையைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. மூன்றாம் வருடம் நாங்கள் வளாகத்தில் 40 மரக்கன்றுகள் நட்டோம். போதகர் ஜெபம் செய்தார், படம் எடுத்தார்கள், எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டோம். யார் தண்ணீர் ஊற்றுவது என்று முடிவு செய்யவே இல்லை. கோடை முடிவதற்குள் 31 கருகிவிட்டன. முதல் வருடம் என் தோளில் கை வைத்த அதே பெரியவர்தான், "போட்டோவுக்கு நட்டா இப்படித்தான் ஆகும் தம்பி" என்றார். மீதி ஒன்பதுக்கும் மறுநாளிலிருந்து அவரே தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தார். ஏன் என்று கேட்டேன். "நட்டுட்டுச் சாக விடுறது பாவமில்லையா?" என்றார்.

பருவநிலை மாற்றத்தை அவர் இன்றுவரை நம்பவில்லை. மனிதன் உலகத்தைச் சூடாக்கிவிட முடியும் என்று நினைப்பதே அகங்காரம் என்கிறார். நான் மாற்றிவிடலாம் என்று இரண்டு மூன்று முறை முயன்று விட்டுவிட்டேன்.

உங்கள் கேள்வியின் முதல் பாதிக்கு, இது சபையின் வேலையா என்பதற்கு, என் பதில் ஆமாம். ஆனால் சபை தன் சொந்த மொழியில் பேசி, தன் சொந்தக் கையையும் பணப்பையையும் போட்டுச் செய்தால்தான் விசுவாசிகள் அதை நம்புகிறார்கள். எங்கள் பணப்பையின் நிலைமை இதுதான்: சபையின் வைப்புநிதியெல்லாம் எந்தெந்த நிறுவனங்களில் போடப்பட்டிருக்கிறது, அதில் நிலக்கரி, எண்ணெய் உண்டா என்று கேட்டு நிர்வாகக் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறோம். கொடுத்து மூன்று மாதமாகிறது, பதில் வரவில்லை. கடிதத்தில் ஐந்து கையெழுத்து இருக்கிறது. குழுவில் நாங்கள் நான்கு பேர்தான். ஐந்தாவது அந்தப் பெரியவருடையது. பருவநிலைக்காகப் போடவில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார். "காணிக்கைக் காசு எங்க போகுதுன்னு தெரிஞ்சுக்க வேணாமா?" என்று கேட்டபடிதான் பேனாவை வாங்கினார்.