இலவச ஏலத் தளத்தை நம்பி முழுநேரக் கடை போடலாமா?

கேள்வி: கோவையில் இருக்கிறேன். பழைய எச்எம்டி வாட்ச்களை வாங்கி, சர்வீஸ் பண்ணி, ஆன்லைனில் ஏலம் விடுகிறேன். மாதம் 25 வாட்ச் போகிறது. தளத்தில் கமிஷன் கிடையாது, பணம் யுபிஐயில் வருவதால் அதற்கும் செலவில்லை. இந்த இலவசம் நிலைக்குமா? வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இறங்கலாமா?

பதில்: வேலையை இப்போதைக்கு விடாதீர்கள். இலவசம் நாளைக்கே போய்விடும் என்று பயமுறுத்தவில்லை, உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்ததில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எச்எம்டியின் ஜனதா மாடல் வாட்ச் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 900 ரூபாய்க்கு வாங்குகிறீர்கள், எண்ணெய், கண்ணாடி, ஸ்ட்ராப் எல்லாம் சேர்த்து 350, கூரியர் 90, பேக்கிங் 30, ஏலத்தில் 1,900க்குப் போகிறது என்று வையுங்கள். கையில் நிற்பது 530. நாளைக்குத் தளம் 8 சதவீதக் கமிஷன் போட்டால் 152, அதற்கு ஜிஎஸ்டி 27, யுபிஐக்குப் பதில் பேமென்ட் கேட்வே, அதாவது ஆன்லைனில் பணம் வசூலித்துத் தரும் நிறுவனம், வழியாகத்தான் வாங்கவேண்டும் என்றால் 2 சதவீதமும் அதற்கு ஜிஎஸ்டியும் சேர்ந்து 45. மொத்தம் 224 போய் 306 மிஞ்சும். மாதம் 13,250 என்று நீங்கள் நினைத்திருந்தது 7,650 ஆகிவிடும், அதுவும் ஒரு வாட்ச்கூடத் திரும்பி வராமல் இருந்தால். ஆக, உங்கள் லாபத்தில் ஐந்தில் இரண்டு பங்கு இன்னொருவர் கட்டணம் வாங்காமல் இருப்பதால் மட்டுமே வருகிறது.

சரி, அந்த இன்னொருவர் எத்தனை நாள் வாங்காமல் இருப்பார்? இதற்கு ஒரே பெயரில் இரண்டு கதைகள் உண்டு. அமெரிக்காவில் யாஹூ 1998-ல் ஏலத் தளம் தொடங்கியது, முழுக்க இலவசம். காசில்லை என்றதும் பொருள் குவிந்தது, ஆனால் ஏலம் கேட்பவர்கள், கட்டணம் வாங்கிய ஈபே என்ற போட்டித் தளத்தில்தான் இருந்தார்கள். 2001-ல் யாஹூ கட்டணம் போட்டதும் விற்பவர்கள் கூட்டமாகக் கிளம்பிவிட்டார்கள், 2007-ல் மூடியாயிற்று. ஜப்பானில் அப்படியே தலைகீழ். அங்கே யாஹூ 1999-லேயே வந்து ஆட்களைப் பிடித்துவிட்டது, பின்னால் வந்த ஈபே 2002-ல் நடையைக் கட்டியது. யாஹூ ஜப்பான் கட்டணம் போட்டபோதும் கடை நிலைத்தது, ஏனென்றால் ஏலம் கேட்கும் ஆட்கள் வேறெங்கும் இல்லை. அதனால் உங்கள் தளத்தில் கமிஷன் எவ்வளவு என்று பார்ப்பதைவிட, ஒரு வாட்ச்சுக்குச் சராசரியாக எத்தனை பேர் ஏலம் கேட்கிறார்கள் என்று குறித்து வையுங்கள். இரண்டே பேர் கேட்கும் இலவசத் தளத்தைவிட எட்டுப் பேர் கேட்கும் கட்டணத் தளத்தில் கூடக் கிடைக்கலாம். ஒரே வாட்ச் மாடலை இரண்டு இடத்திலும் ஐந்தைந்து போட்டுப் பாருங்கள், விடை தெரிந்துவிடும்.

இன்னொரு விஷயம், இதைப் பலர் கவனிப்பதில்லை. பிரிட்டனில் ஈபே 2024 அக்டோபரில் தனிநபர் விற்பனையாளர்களுக்குக் கட்டணத்தை எடுத்துவிட்டது. நான்கே மாதத்தில், 2025 பிப்ரவரியில், வாங்குபவர் தலையில் ஒரு பாதுகாப்புக் கட்டணம் வந்து உட்கார்ந்தது. விற்பவருக்கு என்ன கவலை என்று தோன்றும். ஆனால் இது ஏலம். 2,000 வரை போகலாம் என்று மனதில் வைத்திருப்பவர், மேலே 5 சதவீதம் கட்டவேண்டும் என்றால் 1,900-லேயே கையை இறக்கிவிடுவார். பில்லில் யார் பெயர் இருந்தாலும் காசு உங்கள் விலையிலிருந்துதான் போகிறது. இலவசம் என்ற தளத்தில் வாங்குபவராக ஒருமுறை நுழைந்து, கடைசிப் பக்கம் வரை போய் என்னென்ன சேர்க்கிறார்கள் என்று பாருங்கள்.

பணம் வாங்கும் பக்கம் வேறு கதை. ஆன்லைனில் பணம் அனுப்ப உதவும் அமெரிக்க நிறுவனமான பேபால் 1999 வாக்கில் இலவசமாகக் கொடுத்ததோடு நில்லாமல், புதிதாகச் சேருபவருக்குக் கையில் 10 டாலரும் கொடுத்தது. ஆனால் கிரெடிட் கார்டில் வரும் ஒவ்வொரு பணத்துக்கும் அது கார்டு நிறுவனங்களுக்குக் கட்டவேண்டியிருந்ததால், மறு ஆண்டே வியாபாரக் கணக்குகளுக்குக் கட்டணம் வந்துவிட்டது. யுபிஐ அப்படிச் சட்டென்று மாறாது. 2020 ஜனவரி முதல் அதற்கு எம்டிஆர், அதாவது வியாபாரியிடம் பிடிக்கும் கட்டணம், கூடாது என்பது அரசு முடிவு. வங்கிகளுக்கு ஆகும் செலவில் ஒரு பகுதியை அரசு ஊக்கத்தொகையாகத் தருகிறது, 2024-25க்கு ஒதுக்கியது சுமார் 1,500 கோடி, அதுவும் சிறு வியாபாரிகள் வாங்கும் 2,000 ரூபாய் வரையிலான தொகைகளுக்கு. உங்கள் 1,900 ரூபாய் வாட்ச் அந்த வரம்புக்குள் வருகிறது. பெரிய வியாபாரிகளுக்கு என்றாவது கட்டணம் வரலாம், உங்கள் அளவுக்கு அது கடைசியாகத்தான் வரும் என்பது என் கணிப்பு.

யுபிஐயில் கட்டணத்தைவிடப் பெரிய தொல்லை வேறு இருக்கிறது. மோசடிப் பணம் யார் கைவழியாகவோ உங்கள் கணக்குக்கு வந்துவிட்டால், சைபர் கிரைம் புகாரில் கணக்கே முடங்கலாம். வீட்டுச் செலவும் பையனின் ஃபீஸும் அதே கணக்கில் இருந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். வாட்ச் வியாபாரத்துக்குத் தனியாக ஒரு நடப்புக் கணக்கு வைத்து, வாரம் ஒருமுறை லாபத்தை வெளியே எடுத்துவிடுங்கள். 2025-ல் கர்நாடகத்தில் சிறு கடைக்காரர்களுக்கு யுபிஐ வரவை வைத்தே ஜிஎஸ்டி நோட்டீஸ் போனது ஞாபகம் இருக்கிறதா? உங்கள் வரவு ஆண்டுக்கு 5.7 லட்சம்தான், ஜிஎஸ்டி பதிவுக்கான 40 லட்ச வரம்பு எங்கேயோ இருக்கிறது. ஆனாலும் பெங்களூருக்கு ஒரே ஒரு வாட்ச் அனுப்பினால்கூட மாநிலம் தாண்டிய விற்பனை, பதிவு வேண்டும். பழைய பொருள் என்பதால் வாங்கிய, விற்ற விலைகளின் வித்தியாசத்துக்கு மட்டும் வரி கட்ட வழி உண்டு, ஆடிட்டரிடம் 'மார்ஜின் ஸ்கீம்' என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

முழுநேரம் எப்போது? மேலே போட்ட 306 ரூபாய்க் கணக்கிலேயே குடும்பம் ஓடும் அளவுக்கு வாட்ச் போகிறபோது. அதுவரை மாலை நேரமே போதும். அடுத்து அனுப்பும் பெட்டிக்குள் சர்வீஸ் தேதி, என்ன மாற்றினீர்கள், உங்கள் போன் நம்பர் எழுதிய சின்ன அட்டை ஒன்றை வையுங்கள். சாவி கொடுக்கும் வாட்ச் சில வருஷத்தில் மறுபடி எண்ணெய் கேட்கும், அப்போது அவர் தேடுவது அந்த அட்டையைத்தான்.