அரபு, ஹவுசா, சோமாலி மூன்றும் ஒரே குடும்பமா?

ஆமாம், மூன்றும் ஆப்பிரிக்க-ஆசிய மொழிக் குடும்பம்தான். செமிட்டிக், எகிப்தியம், பெர்பர், குஷிட்டிக், சாடிக், ஓமோட்டிக் என ஆறு கிளைகள் சொல்வார்கள். ஓமோட்டிக்கைச் சேர்ப்பதில் மட்டும் இன்னும் சண்டை. அரபு செமிட்டிக், சோமாலி குஷிட்டிக், நைஜீரியாவின் ஹவுசா சாடிக்.

சொல் ஒற்றுமையை மட்டும் நம்பக் கூடாது. வணிகமும் இஸ்லாமும் வழியாக ஹவுசாவுக்குள் அரபுச் சொற்கள் ஏராளமாகப் புகுந்துவிட்டன. இலக்கணத்தைக் கடன் வாங்குவது அவ்வளவு சுலபமில்லை. அரபில் 'யக்துபு' என்றால் அவன் எழுதுகிறான், 'தக்துபு' என்றால் அவள் எழுதுகிறாள். சோமாலியில் 'யிமித்' அவன் வந்தான், 'திமித்' அவள் வந்தாள். பெர்பரிலும் இதே ய-த ஜோடி உண்டு. எனக்கு இதுதான் வலுவான சான்றாகத் தோன்றுகிறது.

அப்புறம், பழைய எகிப்திய மொழி முழுதாக அழியவில்லை. அதன் கடைசி வடிவமான காப்டிக் இன்றும் எகிப்தியக் கிறிஸ்தவர்களின் வழிபாட்டில் ஒலிக்கிறது.