எம்எக்ஸ்-5 எடுங்க, ஆனா துருவைப் பார்த்துட்டு

வணக்கம். இங்கிலாந்துல 3,000 பவுண்டுக்குள்ள 2002 மாடல் மாஸ்டா எம்எக்ஸ்-5 1.8 எடுக்கலாமா, டொயோட்டா எம்ஆர்2 ரோட்ஸ்டரா என்று கேட்டிருந்தீங்க. இரண்டுமே கூரையை மடக்கித் திறக்கும் இரண்டு சீட் கார்கள். எம்எக்ஸ்-5 எடுங்க. எம்ஆர்2 ஓட்ட அருமையான வண்டிதான். ஆனா ஆரம்ப கால மாடல்களில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குள்ள (எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் முதல் குழாய்) இருக்கிற ப்ரீ-கேட் என்ற புகை சுத்திகரிப்பான் உடைந்து, தூள் எஞ்சினுக்குள்ள போய், ஆயில் குடிக்க ஆரம்பிக்கும். முதல் வண்டிக்கு அந்தத் தலைவலி வேண்டாம்.

எம்எக்ஸ்-5 எஞ்சின் உறுதியானது. அதைக் கொல்வது துருதான். கூரையில் விழும் மழைநீர், சீட்டுக்குப் பின்னால் இரண்டு மூலையிலும் உள்ள வடிகால் வழியா இறங்கி, பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் வெளியே வரணும். இலை அடைத்தால் தண்ணீர் தேங்கி, பக்கவாட்டு சில் (கதவுக்குக் கீழே நீளமா ஓடும் தகரப் பகுதி) உள்ளிருந்தே அரிக்கும். பார்க்கப் போகும்போது ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டு போங்க. இரண்டு பக்கமும் அரை லிட்டர் மெதுவா ஊற்றி, கீழே தாராளமா வடிகிறதா பாருங்க. சில்லின் பின்முனையைக் கட்டைவிரலால் அழுத்துங்க. நொறுங்கும் சத்தம் கேட்டால் கிளம்பிடுங்க. அங்கே புதுசா அடித்த கறுப்புப் பூச்சும் சந்தேகத்துக்குரியது, துருவை மறைக்க அடித்திருக்கலாம்.

முன்பக்க சேஸி ரெயிலும் (வண்டியைத் தாங்கும் நீளமான இரும்புச் சட்டம்) துருப்பிடிக்கும்; அது அடியில் உள்ள பிளாஸ்டிக் தட்டைக் கழற்றினால்தான் தெரியும். லிஃப்டில் ஏற்றிப் பார்க்கச் சம்மதிக்காதவரிடம் வாங்காதீங்க.

நம்பர் பிளேட்டை வைத்து எம்ஓடி (வருடாந்திர தகுதிச் சோதனை) வரலாற்றை அரசுத் தளத்தில் இலவசமாப் பார்க்கலாம். துரு பற்றிய எச்சரிக்கை வருஷா வருஷம் வந்திருந்தால், வெல்டிங் செலவை விலையில் கழியுங்க. டைமிங் பெல்ட் (எஞ்சின் வால்வுகளை நேரத்துக்கு இயக்கும் பெல்ட்) மாற்றிய ரசீதையும் கேளுங்க. 60,000 மைலுக்கு ஒருமுறை மாற்றணும்.